டெஸ்ட் என்ற பெயரில்

அன்று மேடைக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் இவ்வளவுதான். எங்கள் டாக்டர். எங்கள் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் சிஸ்டர். ஓசூரில் சொந்தக் கிளினிக் வைத்திருக்கும் லேடி டாக்டர். எங்களுக்கு மெஷின் விற்ற கம்பெனிக்காரர். மைக் பார்க்கும் ஓட்டல் ஆள். நான்.

கீழே நாற்காலிகளில் டாக்டர்கள். அறுபத்திரண்டு பேர் என்று வாசலில் பெயர் பதிந்த பெண் சொன்னாள். எல்லோருமே யூராலஜி. மூத்திரப்பை, கல், பிராஸ்டேட் பார்க்கிறவர்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இருப்பவர்கள் யாரும் இல்லை. தனியாகக் கிளினிக் நடத்துகிறவர்கள் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை பெங்களூரில் இரண்டு நாள் கூடுவார்கள். அது இரண்டாம் நாள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாம் நாள் டாக்டர் தனியாக வரக்கூடாது. தன்னிடம் வேலை செய்யும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். மேடையில் பத்து நிமிஷம் கொடுப்பார்கள். தங்கள் கிளினிக்கில் ஏதாவது ஒரு வேலையை எப்படிச் செய்கிறோம் என்று அந்த ஆளே செய்து காட்ட வேண்டும். போன வருஷம் மைசூரிலிருந்து வந்த அம்மா உள்ளே விட்டுப் பார்க்கும் குழாயை எப்படிக் கழுவுவது என்று காட்டினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். டாக்டர் பேசினால் அப்படி எழுத மாட்டார்கள்.

இந்த வருஷம் எங்கள் முறை. ஃப்ளோ மெஷினில் நோயாளியை எப்படி ஒன்றுக்குப் போக வைப்பது என்று நான் காட்ட வேண்டும்.

மெஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி. கீழே புனல். புனலுக்கு அடியில் ஜாடி. ஜாடி ஒரு தராசின் மேல் நிற்கும். ஒன்றுக்குப் போகப் போகத் தராசு எடை பார்த்துத் தாளில் கோடு போடும். நல்ல ஆளுக்குக் கோடு மேடு மாதிரி ஏறி இறங்கும். அடைப்பு இருந்தால் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டே போகும். நொடிக்குப் பதினைந்து மில்லிக்கு மேல் வந்தால் பயமில்லை. பத்துக்குக் கீழே போனால் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார்.

நான் ஏழாவது வரை படித்தேன். முதலில் ஹெப்பகோடியில் ஒரு ஃபாக்டரியில் மூட்டை தூக்கினேன். பிறகு ஈஜிபுராவில் இந்தக் கிளினிக்குக்குப் பெருக்கித் துடைக்க வந்தேன். பதினேழு வருஷம் ஆகிறது. பெருக்கினேன், பிறகு கருவி கழுவினேன், பிறகு டாக்டர் பக்கத்தில் தட்டு பிடித்தேன். மெஷின் வந்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இது உன் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான் படிப்பு.

மெஷினைத் திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை சோதித்துப் பார்க்க வேண்டும். அளவு போட்ட மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றி, மெஷின் அதே அளவைச் சொல்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார் கம்பெனிக்காரர். பெயர் கேட்கும் இடத்தில் டெஸ்ட் என்று அடிக்க வேண்டும். கொஞ்ச நாள் அப்படித்தான் செய்தேன். ஒரு திங்கட்கிழமை ஈஜிபுராவில் தண்ணீர் வரவில்லை. டேங்கில் அடி தெரிந்தது. எனக்கு ஒன்றுக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து போனேன். ஜாடியைப் பார்த்தேன், மெஷினைப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவு. வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு மக்கை எடுக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒக்கலிபுரத்தில் வீட்டிலிருந்து கிளம்பும்போது போகாமல் வருவேன். எட்டரைக்கு மெஷினில் போவேன். தாளைக் கிழித்துக் குப்பையில் போடுவேன். ஆறு வருஷம் இப்படி.

முதல் தடவை இருபத்தொன்று இருந்தது. இரண்டு வருஷத்தில் பதினாறு. வயசாகிறது என்று இருந்தேன். பிறகு பன்னிரண்டு, ஒன்பது. கோடு தரைக்கு வந்துவிட்டது. எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு தினமும் பத்துப் பேரை டாக்டரின் அறைக்குள் அனுப்புகிறவன் நான்.

சொன்னால் ஆபரேஷன் என்பார். இரண்டு மூன்று வாரம் எதையும் தூக்கக்கூடாது. என் இடத்துக்கு வேறு ஆள் கிடையாது. வீட்டில் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் காரணம் அது இல்லை. டாக்டருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் ஆண்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று பதினேழு வருஷமாகப் பார்க்கிறேன். போலீஸ்காரர் உட்கார்ந்தாலும் காண்ட்ராக்டர் உட்கார்ந்தாலும் உள்ளே வந்த உயரத்தில் பாதிதான் இருப்பார். அதில் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

கூட்டத்தின் முதல் நாள் ஹாலில் ஏசி அதிகம். மூக்கு ஒழுகியது. சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் மருந்துக் கடையில் சளி மாத்திரை வாங்கினேன். வீட்டில் ஒன்று, படுக்கும்போது ஒன்று, காலையில் ஒன்று போட்டேன். அடைப்பு இருக்கும் ஆள் சளி மாத்திரை சாப்பிட்டால் அடியோடு நின்றுபோகும். கிளினிக்குக்கு வலியோடு வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். சளி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா. இதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். மூன்றாவதை விழுங்கிய பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

காலை ஐந்தரைக்குச் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் போனது. அதோடு சரி. ஒன்பது மணிக்கு ஓட்டல் டாய்லெட்டில் நின்றேன். வரவில்லை. பத்து மணிக்கு நின்றேன். பத்தரைக்கு நின்றேன். பக்கத்தில் வந்த டாக்டர்கள் போய்விட்டுக் கை கழுவிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தபோது சிஸ்டர் சொன்னாள், "சும்னே அங்கியும் இங்கியும் நடக்காதே அண்ணா. குந்து. ஒரு டீ குடி."

"வேணாம்."

"மூணு வாட்டி போயிட்டு வந்துட்டே. மேடைன்னா அவ்ளோ பயமா?"

"சளி."

"சளிக்கு மூக்குதானே ஒழுகும்?"

அவள் அப்படித்தான். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு எங்கள் பத்து நிமிஷம். முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடிப்பது. நம்மைத் தெரியாத ஏதாவது ஆஸ்பத்திரிக்குப் போவது. டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்துவிடுவார்கள். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடலாம்.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் இரண்டு வார்த்தை இங்கிலீஷில் பேசிவிட்டு என்னைக் காட்டினார். நான் தமிழில் சொன்னேன். டாக்டர் இங்கிலீஷில் சொன்னார்.

சொன்னது இதுதான். மெஷின் அறையில் கடிகாரம் மாட்டக்கூடாது. சீக்கிரம் என்று சொல்லக்கூடாது. வந்ததா என்று கேட்கக்கூடாது. குழாயை மெல்லிசாகத் திறந்துவிட வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ச் சத்தமாகப் போன் பேச வேண்டும். எதிர்ப்பக்கம் யாரும் இருக்க வேண்டியதில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கவில்லை என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

"போன் எப்படிப் பேசுவீங்க, அதையும் காட்டுங்க" என்று கீழே ஒருவர் கேட்டார்.

காட்டினேன். "ஹலோ, ஆமா, சிலிண்டர் வரலியா, நாளைக்கா, சரி நாளைக்கு வரச் சொல்லு, அப்புறம், ரேஷன் கடை தொறந்துதா." சிரித்தார்கள். சிலர் எழுதினார்கள்.

மேடையில் குழாய் இல்லை. அதனால் சிஸ்டர் பாட்டிலிலிருந்து பக்கெட்டில் மெல்லத் தண்ணீர் விட்டாள். மைக் பக்கத்தில் இருந்தது. ஹால் முழுக்கத் தண்ணீர் சத்தம். என் அடிவயிறு கல் மாதிரி இறுகியது. மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு இறங்கியிருக்கலாம். கம்பெனிக்காரர் விடவில்லை. தன் மெஷினைக் காட்ட அவருக்கு இது நல்ல சமயம். கிளினிக்கிலிருந்து நாங்கள் கொண்டுவந்திருந்த மெஷினைத் திரையில் மாட்டி, உள்ளே சேர்ந்திருக்கும் பெயர்களின் பட்டியலைத் திறந்தார். யாருக்கு எத்தனை தடவை எடுத்திருக்கிறோம் என்று அதில் வரும். எல்லோருக்கும் ஒன்று, இரண்டு, மிஞ்சிப்போனால் நான்கு. மேலே முதல் வரியில் டெஸ்ட், இருநூற்று எழுபத்து மூன்று.

தாளைக் கிழித்தாலும் மெஷினில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தேன்.

"இது என்ன?" என்று கேட்டார் ஓசூர் டாக்டர்.

"அது ஒண்ணுமில்ல மேடம். மெஷின் செக் பண்றது. தண்ணி ஊத்திப் பாப்பாங்க. நாங்கதான் சொல்லிக் குடுத்தோம்."

"ஒண்ணு தொறங்க."

திறந்தார்.

"கடைசியில இருக்கறது ஒண்ணு."

திறந்தார். அந்த அம்மா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

"தண்ணி இல்லைங்க இது. மக்குல ஊத்தினா கோடு இப்படி வராது. பாருங்க, நின்னு நின்னு வருது. முக்கறார். இது மனுஷன்."

அவர் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். இருபத்தொன்று. பதினெட்டு. பதினாறு. பன்னிரண்டு. ஒன்பது. போன திங்கட்கிழமை, ஆறு. எல்லாம் திங்கட்கிழமை. எல்லாம் எட்டரை மணி.

பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், இங்கிலீஷிலும் கன்னடத்திலும். எனக்குப் புரிந்தது, இப்படி ஆறு வருஷம் வாரா வாரம் எடுத்த கோடு யாரிடமும் கிடையாது என்பது. முன் வரிசையில் இருந்த வயதான டாக்டர் தமிழில் சொன்னார், "யாருங்க அந்த மகராசன்? நம்ம ஆளுங்க ஒரு வாட்டி இந்த நாற்காலில உக்காந்தா அடுத்த வாட்டி தெருவுல பாத்தாலும் ஒதுங்கிப் போறானுங்க."

பின்னால் யாரோ, "இந்த ஆளுக்கு என்ன பண்ணலாம்? ஆபரேஷன்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார். முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். மீதிப் பேர் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். ஆபரேஷன்காரர்கள் அவர்களைக் கேலி செய்தார்கள். "மாத்திரை குடு, கோடு எழுந்திரிச்சு நடக்கும்." என் பிராஸ்டேட்டைப் பற்றி அறுபத்திரண்டு பேர் சண்டை போட்டார்கள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "யாருப்பா இது? நாம யாருக்கும் வாரா வாரம் எடுக்கலியே?"

"தெரிஞ்ச ஆளு சார்."

"மருந்து சாப்பிடறாரா?"

"இல்ல சார்."

"என்கிட்ட ஏன் அனுப்பல?"

"அவரு வர மாட்டேன்னுட்டாரு சார்."

டாக்டருக்குக் கோபம். மேடை என்பதால் மெதுவாகப் பேசினார். "அந்த ஆள்கிட்ட சொல்லு. இப்படியே விட்டா ஒரு நாள் மொத்தமா அடைச்சுக்கும்."

"அவருக்குத் தெரியும் சார்."

கை தட்டினார்கள். இறங்கினேன். படி மூன்றுதான். ஒவ்வொரு படியிலும் நின்று இறங்கினேன்.

ஹாலுக்கு வெளியே லிஃப்ட் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது ஓசூர் டாக்டர் பின்னாலேயே வந்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணா, கடைசியா எப்ப போனீங்க?"

இந்தக் கேள்வியை முகத்தைப் பார்த்துக் கேட்க மாட்டார்கள். வயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள். நானும் அப்படித்தான் கேட்பேன்.

"காலைல அஞ்சரைக்கு. கொஞ்சமாத்தான்."

"இப்ப பன்னெண்டு ஆகுது." சட்டையின் மேலேயே விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். "தொப்புள் வரைக்கும் இருக்கு. அந்த டெஸ்ட் நீங்கதானே?"

"ஆமாம்மா."

"சளி மாத்திரை ஏதாவது?"

"மூணு."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை.

"சார்கிட்ட நான் சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா. நான் வேற எங்கனா ஆஸ்பத்திரிக்குப் போயிக்கறேன். ஆட்டோ கெடைக்கும்."

"அறுபத்திரண்டு யூராலஜிஸ்ட்டை இங்க விட்டுட்டு ஆட்டோல போறீங்களா? இந்த டிராஃபிக்ல? ஒவ்வொரு பள்ளத்துலயும் உயிர் போகும்."

"அவர்கிட்ட வேணாம்மா."

"ஏன்?"

"தினமும் மூஞ்சியில முழிக்கணும்மா" என்றேன்.

"அவரும்தான் முழிக்கணும்" என்றார். "இன்னும் ஒரு மணி நேரம் போனா நீங்க நிக்க மாட்டீங்க. அப்ப இந்தக் காரிடார்ல விழுவீங்க. அப்ப எல்லாரும் பாப்பாங்க. நீங்களே யோசிங்க."

யோசிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. வலி யோசிக்க விடவில்லை.

"நானே சொல்றேன்" என்றேன்.

டாக்டர் சாப்பாட்டு வரிசையில் நின்றிருந்தார். தட்டில் பிஸிபேளாபாத் போட்டுக்கொண்டு இரண்டு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். திரும்பினார்.

"சார், அந்த டெஸ்ட் நான்தான். காலைல அஞ்சரையிலேர்ந்து போகல."

பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பார்த்தார். தட்டை அப்படியே மேஜையில் வைத்தார்.

"வா."

ஹாலுக்கு வெளியே கம்பெனிகள் கடை போட்டிருந்தன. ஒரு கடையில் டியூப் வகை வகையாக அடுக்கியிருந்தது. டாக்டர் போய், "பதினாறு நம்பர் ஒண்ணு. ஜெல்லி. கிளவுஸ். பை" என்றார்.

"சாம்பிளா சார்? விசிட்டிங் கார்டு ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

"இப்பவே வேணும்."

கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். அதற்குள் வரிசையிலிருந்து நான்கைந்து டாக்டர்கள் தட்டோடு வந்துவிட்டார்கள். ஒருவர் பதினான்கு போடுங்கள் என்றார். ஒருவர் நான் வேண்டுமானால் வரட்டுமா என்றார். "நீங்க சாப்பிடுங்க" என்றார் டாக்டர். லிஃப்ட் கதவு மூடியது.

இரண்டாவது மாடியில் பேச வந்தவர்களுக்கு என்று ஒரு அறை கொடுத்திருந்தார்கள். படுத்தேன். டாக்டர் சட்டைக் கையை மடித்தார். கூடவே வந்த ஓசூர் டாக்டர் தட்டு பிடித்தார். அது நான் நிற்கும் இடம்.

டாக்டர் கை கழுவி, உறை மாட்டி, தேடினார். "ஜெல்லி எங்க?"

"உங்க எடது கைப் பக்கம் சார்" என்றேன்.

"உன்னைக் கேக்கல."

"பழக்கம் சார்."

ஓசூர் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெல்லி போட்டால் மரத்துப்போக ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அப்போதுதான் டாக்டர் பேசினார்.

"ஆறு வருஷம்."

"ஆமா சார்."

"தினமும் ஒரு முழம் தூரத்துல நிக்கற."

"ஆமா சார்."

"ஒரு வார்த்தை சொல்லல."

"ஆமா சார்."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. "உன் வயசு என்ன இப்போ?"

"அம்பத்தெட்டு சார்."

"அம்பது தாண்டின எல்லா ஆம்பளையையும் கேக்கறேன். தெருவுல பாத்தவனைக்கூடக் கேட்டிருக்கேன். உன்னைக் கேக்கல."

அவரைத் தப்பு சொல்ல எனக்குத் தோன்றவில்லை. என்னையும் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

"அடுத்த வாரம் ஆபரேஷன்" என்றார். "நான்தான் பண்ணுவேன். வேற ஆளை வேணும்னா சொல்லு, அதுக்கும் ஏற்பாடு பண்றேன்."

"நீங்களே பண்ணுங்க சார்."

"மூணு வாரம் கிளினிக் பக்கம் வரக்கூடாது."

"மெஷினை யாரு பாப்பாங்க?"

"நான் பாக்கறேன். வெளிய நின்னு போன் பேசணும், அவ்வளவுதானே?"

"சத்தமா பேசணும் சார். உங்களுக்குச் சத்தம் பத்தாது."

ஓசூர் டாக்டர் இந்தத் தடவை சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் கை இளகியது. தட்டு பிடித்துப் பழகியவனுக்கு அது தெரியும்.

"வாயைத் திறந்து மூச்சு விடு" என்றார். கிளினிக்கில் அதைச் சொல்கிறவன் நான்.

விட்டேன். எரிந்தது. ஒரு இடத்தில் நின்றது. பிறகு உள்ளே போனது. குழாய் வழியாக வருவது கேட்டது. ஒரு நிமிஷம் நான் யார், எங்கே இருக்கிறேன் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. வயிறு இறங்கிக்கொண்டே போனது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அழுகை இல்லை. யாருக்கும் அப்படி வரும்.

டாக்டர் பையைக் கீழே தொங்கவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். கார்ப்பெட்டில், நல்ல பேன்ட்டோடு. கீழே மத்தியானக் கூட்டத்துக்கு மணி அடித்தார்கள். ஓசூர் டாக்டருக்கு அப்போது பேச்சு இருந்தது. அவர் போகவில்லை.

வருவது நின்ற பிறகு டாக்டர் எழுந்தார். பையை என் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

கண்ணாடி இல்லை. இருந்தாலும் கோடு தெரிந்தது. படித்துச் சொன்னேன்.

ஆயிரத்து நூற்று எண்பது மில்லி.